கடைசி அத்தியாயத்தை நான் மாற்றிப் படித்தேன்

அந்தப் புத்தகத்தின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று பாகம். அதை வைத்திருந்தவர் யாரோ, மூன்றையும் பழுப்பு அட்டை போட்டுத் தைத்திருந்தார். தைக்கும்போது முன்பக்கத் தாள்கள் போயிருக்க வேண்டும். எழுதியவர் யார், எங்கே அச்சானது, எதுவும் இல்லை. முதல் பாகத்தில் முன்னுரையின் கடைசிப் பத்தி மட்டும் மிஞ்சியிருந்தது. பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகள் படிப்பதற்காகவே இந்தக் குடும்பக் கதையை எழுதியதாக அதில் ஒரு வரி. எனக்கு அப்போது பதினாலு வயது. எனக்காகவே எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் மலாயாவில், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். முப்பதுகளின் தொடக்கம். அப்பாவுக்கு விளக்குக்காரர் வேலை. சிக்னல் கம்பங்களில் ஏறி எண்ணெய் ஊற்றி, திரியைக் கத்தரித்து, பொழுது சாய்வதற்குள் எல்லா விளக்கையும் ஏற்றிவிட வேண்டும். ஒருநாள் துறைமுகத்திலிருந்து கிள்ளான் வழியாக வந்த ரயிலில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில், ஒரு துணிப்பை கிடந்தது. உள்ளே இந்த மூன்று புத்தகங்கள். ஸ்டேஷனில் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். யாரும் கேட்டு வரவில்லை. ‘உன் வீட்டிலே படிக்கிற பிள்ளை இருக்குல்ல, எடுத்துக்கிட்டுப் போ’ என்று ஸ்டேஷனில் கணக்கு எழுதும் கிராணி அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அதற்குப் ‘பெரிய கதை’ என்று பெயர் வைத்தோம்.

ஒரு உப்பளக்காரக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை அது. முதல் பாகத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போகிறான். உப்பில் வெடித்த காலோடு ஊர் ஊராக அலைந்து, அப்பா செத்த பிறகு திரும்பி வருகிறான். இரண்டாம் பாகம் அவனுடைய இரண்டு பெண்களைப் பற்றியது. மூத்தவளுக்குப் பிள்ளை இல்லை. இளையவள் இருபது வயதில் தாலியறுத்து, கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு, பிழைப்புக்காக ரங்கூனுக்குக் கப்பலேறுகிறாள். மூன்றாம் பாகம் அந்தக் குழந்தையின் கதை. அவளுக்கும் அதில் பதினைந்து வயது. பெரியம்மாவையே அம்மா என்று நம்பி வளர்கிறாள்.

அந்த எழுத்தாளர் செய்த ஒரு காரியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒவ்வொரு பாகத்தையும் அந்தந்தத் தலைமுறையின் பதினைந்து வயதுப் பிள்ளையின் கண் வழியாகவே தொடங்குகிறார். மூன்றாம் பாகத்தில் அந்தப் பெரியம்மா அதட்டுகிறாள், பெட்டியைப் பூட்டி வைக்கிறாள், தங்கையிடமிருந்து வரும் கடிதங்களை அடுப்பில் போடுகிறாள். ஆனால் அவளை வெறுக்க முடிவதில்லை. முந்தின பாகத்தில் இதே பெரியம்மா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உப்புப் பாத்தியில் தங்கையோடு ஓடிப்பிடித்து விளையாடியதை நாம் பார்த்திருக்கிறோமே. பெரியவர்களும் ஒருகாலத்தில் பதினைந்து வயதாக இருந்தவர்கள் என்பது அதைப் படிக்கும்வரை எனக்குத் தோன்றியதே இல்லை. என் அம்மாவைப் பற்றியும் தோன்றியதில்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து நான் உரக்கப் படிப்பேன். அம்மா கீழே அரிவாள்மனையில் காய் அரிந்துகொண்டோ, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ கேட்பாள். அப்பா வேலைக்குக் கிளம்பும்வரை கொஞ்சம் கேட்டுவிட்டு, ‘நான் வர்றதுக்குள்ளே அவனைக் கொன்னுடாதீங்க’ என்று சொல்லிவிட்டுப் போவார். வீட்டில் நான் ஒரே பிள்ளை. எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் அந்த உப்பளக் குடும்பம் வந்த பிறகு வீட்டில் ஆள் கூடியமாதிரி இருந்தது.

இரண்டாம் பாகத்தின் நடுவில் அம்மா மாறிப்போனாள். இளையவள் கப்பலேறும் இடத்தில் அரிசிச் சுளகு அப்படியே மடியில் இருந்தது. கை ஓடவில்லை. அதற்குப் பிறகு ரங்கூனில் அவள் பட்ட பாட்டைப் படித்தால் அம்மாவுக்குப் பொறுமை இல்லை.

“அது கிடக்கட்டும். அந்தப் பிள்ளை என்ன ஆச்சு, அதைப் படி.”

“அது அடுத்த பாகத்துலதாம்மா வருது.”

“அதை எடு.”

மூன்றாம் பாகத்தை எடுத்தேன். அம்மா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் புத்தகத்தில் பதில் இல்லை. அந்தப் பிள்ளைக்கு யார் தலை வாருகிறார்கள்? காய்ச்சல் வந்தால் பக்கத்தில் யார் படுக்கிறார்கள்? பெரியம்மா அடிப்பாளா? ‘அதெல்லாம் எழுதலைம்மா’ என்றால், ‘நல்லாப் பாரு, எங்கேயாவது இருக்கும்’ என்பாள். ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“கதையில வர்ற பிள்ளைக்கு யாரு தலை வாரினா உனக்கு என்னம்மா?”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, சந்தைக்குப் போய்வந்ததைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

“உனக்கு ஒரு அக்கா இருக்கா. ஊர்ல.”

அன்றைக்கு அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அம்மாதான் சொன்னாள். அம்மாவுக்கு முதலில் ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. அவர் வாந்திபேதியில் போய்விட்டார். ஒன்றரை வயதுப் பெண்ணைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு, இரண்டே வருஷத்தில் திரும்பி வருவதாகச் சொல்லி, கங்காணி ஒருவர் கூட்டிவந்த ஆட்களோடு கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குக் கித்தா மரம் வெட்டிப் பால் எடுக்க வந்தாள். அங்கே அப்பாவைச் சந்தித்தாள். எல்லாம் சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. ‘பிள்ளையை வரவழைச்சிக்கலாம்’ என்று அப்பாவே கடிதம் எழுதிப் போட்டார். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பதில் எழுதினாள்: நீ வேறு குடும்பம் கட்டிக்கொண்டாய். பிள்ளை என்னை அம்மா என்கிறது. ஊருக்கும் அது என் பிள்ளைதான். உன்னை மலாயா சித்தி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்படியே இருந்துவிட்டுப் போ.

“அப்படியே இருந்துட்டேன்” என்றாள் அம்மா.

வருஷத்துக்கு இரண்டு கடிதம், சித்தியின் ஆசீர்வாதம் என்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவற்றை எழுதியவர் அப்பா. எனக்கு மட்டும்தான் தெரியாது. என்னைவிட நாலு வயது மூத்த ஒருத்தி, என் அம்மாவைச் சித்தி என்று நினைத்துக்கொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் வளர்ந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மூன்றாம் பாகத்தை எப்படிப் படித்தேன் என்று சொல்ல முடியவில்லை. அம்மா புத்தகத்தில் வந்த பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கதை எப்படி முடியுமோ என்ற பயத்தில் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகத்தை எடுத்துப்போய் கடைசி அத்தியாயத்தை முன்கூட்டியே படித்தேன்.

அதில் ரங்கூன்காரி பதினாலு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறாள். கட்டைவண்டியிலிருந்து இறங்கி வாசலில் நிற்கிறாள். பெண் உள்ளேயிருந்து வருகிறாள். ‘யாருங்க? வாங்க, உட்காருங்க’ என்கிறாள். தாய் வாய் திறக்கிறாள். அதற்குள் கொல்லையிலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்கிறது. ‘அம்மா கூப்பிடறாங்க, இதோ வந்துடறேன்’ என்று பெண் உள்ளே ஓடுகிறாள். அவள் ஓடிய வேகத்தைத் தாய் பார்க்கிறாள். திரும்பி வந்த பெண்ணிடம், ‘வழியிலே போறவ. தாகமா இருந்தது’ என்கிறாள். பெண் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அதே வண்டியில் போய்விடுகிறாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வரி இல்லை.

பள்ளிக்கூடத்து வாதுமை மரத்தடியில் உட்கார்ந்து நான் அழுதேன். எழுதினவர் மேல் ஆத்திரமாக வந்தது. இதை எப்படி அம்மாவிடம் படிப்பது?

படிக்கவில்லை. அன்று மாலை படியில் உட்கார்ந்து, கடைசி அத்தியாயத்தை எடுத்து, பெண் ‘யாருங்க’ என்று கேட்கும் இடம்வரை இருந்தபடியே படித்தேன். பிறகு கண் பக்கத்தில் இருக்க, வாய் தானாகச் சொன்னது. ‘நான்தான் உன்னைப் பெத்தவ’ என்று தாய் சொல்கிறாள். பெண் அவள் முகத்தையே பார்க்கிறாள். ‘எனக்குத் தெரியும்மா, உள்ளுக்குள்ளே எப்பவும் தெரியும்’ என்று ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். பெரியம்மா வந்து பார்த்து, அவளும் அழுது, மூவரும் ஒரே இலையில் சாப்பிடுகிறார்கள். அந்த ஒரே இலை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நன்றாக இருந்ததாக அப்போது நினைத்தேன்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. அவ்வளவு இளமையாக நான் அவளைப் பார்த்ததில்லை.

“உள்ளுக்குள்ளே தெரியும்னு சொன்னாளா?”

“ஆமாம்மா.”

“இன்னொரு தடவை படி.”

நான் இன்னொரு தடவையும் சொன்னேன். முதல் தடவை சொன்னது மறந்துவிடாமல் இருக்க வேண்டுமே என்ற கவலை மட்டும்தான் எனக்கு இருந்தது.

ஒரு வாரம் கழித்து அம்மா காகிதம் வாங்கிவந்தாள். ‘நீ எழுது. அப்பா வேண்டாம்’ என்றாள். அப்பாவிடம் மறைக்கவில்லை. அவர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே கேட்டார்.

“முதல்ல உன் அக்காவுக்கு எழுதிக் கேட்டுட்டு, அப்புறம் பிள்ளைக்கு எழுதலாமே?”

“அக்காகிட்டே கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா. அந்தக் கதையிலே அவ யாரையும் கேக்கலை. நேரா போய்ச் சொன்னா.”

அப்பா கடைசி அத்தியாயம் கேட்டவரில்லை. அன்று வேலைக்குப் போயிருந்தார். என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். நான் உன் சித்தி இல்லை, உன்னைப் பெற்றவள். உன் வலது முழங்காலுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. உனக்குப் பால் மறக்கடித்த அன்றைக்குத்தான் நான் வண்டி ஏறினேன். இங்கே உனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், அவள்தான் இதை எழுதுகிறாள். இப்படி நாலு பக்கம். தபாலாபீஸில் நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

பதில் வர இரண்டரை மாதம் ஆயிற்று. அதுவரை அம்மா நடந்த நடையே வேறு. பாசார் சந்தைக்குப் போனால் வளையல் கடையில் நின்று, பதினெட்டு வயதுக் கைக்கு எந்த அளவு என்று கேட்பாள். வாங்கமாட்டாள். கேட்பாள்.

கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பெரியம்மாவின் ஊரில் யாரோ எழுதிக்கொடுக்கும் கையெழுத்து இல்லை அது. புதுக் கையெழுத்து, உருண்டை உருண்டையாக. ‘அவளே எழுதியிருக்கா பாரு’ என்று அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் பிரித்தேன். என் கண் வேகமாகக் கீழே ஓடியது. வேறு ஏதாவது சொல்லிவிடலாமா என்று அப்போதும் ஒரு கணம் தோன்றியதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. இருந்தபடி படித்தேன்.

மலாயா சித்தியின் கடிதம் வந்தால் வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்து அவள்தான் உரக்கப் படிப்பது வழக்கமாம். அந்தக் கடிதத்தையும் அப்படித்தான் படித்திருக்கிறாள். நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரியைப் படித்த பிறகு நிறுத்தத் தெரியாமல் நாலு பக்கத்தையும் படித்துவிட்டதாக எழுதியிருந்தாள். கல்யாணம் நின்றுவிட்டது. ‘அதற்காக எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அம்மா என்னிடம் பேசுவதில்லை. நான் அம்மா என்று கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறாள். அப்படிக் கூப்பிட எனக்கு இந்த வீட்டில் ஒரு ஆள் இருந்தாள். இப்போது இல்லை. நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். இனிமேல் எழுத வேண்டாம்.’

அம்மா கடிதத்தை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து, உறைக்குள் போட்டாள். அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. போய் வடித்தாள். மூவருக்கும் சாதம் போட்டாள். அவள் மட்டும் சாப்பிடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளிடம் நான் சொன்னேன். சொல்வதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

“புஸ்தகத்திலே அப்படி இல்லையா?”

“இல்லைம்மா.”

“எப்படி இருக்கு?”

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து படித்தேன். வழியிலே போறவ, தாகமா இருந்தது என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அம்மா காத்திருந்தாள். மறுபடி படித்தேன். அத்தியாயம் முடிந்தது.

“அதோட போயிட்டாளா?”

“போயிட்டா.”

“எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள் அம்மா. பிறகு, “நீ ஏன் எனக்கு இதைப் படிக்கலை?”

“நீ அழுவேன்னு.”

“அழுதிருப்பேன். அழுதுட்டு உலை வைக்கப் போயிருப்பேன்.”

என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஈரக் கையோடு என் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் துணியைப் பிழியப் போய்விட்டாள். அடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன் என்று அந்த வயதில் பலநாள் நினைத்தேன்.

அதற்குப் பிறகு என்னை எதையும் படிக்கச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து, எனக்கு எழுத்து சொல்லிக்கொடு என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வயதில் அ, ஆ. விரல் வலிக்க வலிக்க எழுதினாள். கூட்டிப் படிக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. படிக்க வந்ததும் முதன்முதலில் மூன்றாம் பாகத்தை எடுத்து, கடைசி அத்தியாயத்தை விரல் வைத்து, தானே படித்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். எழுத்துக்கூட்டி அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் கடைசியாகப் படித்ததாவது நிஜந்தானா என்று அவள் சரிபார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. முடித்துவிட்டு அட்டையை மூடி, என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஊருக்கு மறுபடி எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று பிள்ளை சொல்லியிருந்தாள். அவள் கேட்டது அது ஒன்றுதான், அதையாவது செய்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னாளாம்.

எனக்குப் பத்தொன்பது வயதாகும்போது அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. விட்டு விட்டு வந்து ஒன்பதாம் நாள் போய்விட்டாள். எல்லாம் முடிந்த பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, ‘இதை மட்டும் சொல்லிடணும்’ என்றார். அக்காவுக்கு இரண்டு வரி எழுதினேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தது. அதே உருண்டைக் கையெழுத்து. பெரியம்மா முந்தின வருஷமே இறந்துவிட்டாள் என்றும், தனக்கு வேறிடத்தில் கல்யாணமாகி ஒரு பெண் இருக்கிறாள் என்றும் எழுதியிருந்தாள். கடைசியில், ‘அவங்க படம் ஒன்று இருந்தால் அனுப்பு. முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.’

எங்கள் வீட்டில் படம் எடுத்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை. அப்பா அந்த வரியை என்னை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு விளக்கேற்றப் போய்விட்டார்.

படம் இல்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே, முகம் எப்படி இருந்தது என்று எழுதினேன். நெற்றி குறுகல். இடது புருவத்தில் கித்தா மர வெட்டுக்கத்தி பட்ட தழும்பு. மூக்கு நுனி கொஞ்சம் கீழே வளைந்திருக்கும். சிரித்தால் வாயை மூடிக்கொள்வாள், முன்பல் ஒன்று உடைந்திருந்ததால். அழகி என்று எழுதக் கை வந்தது, எழுதவில்லை. உன்னைப் பற்றி எப்போதும் பேசினாள் என்றும் எழுதவில்லை, ஏனென்றால் பேசவில்லை. நீ எழுத வேண்டாம் என்றதால் எழுதவில்லை என்பதை மட்டும் எழுதினேன். புத்தகத்தைப் பற்றியும், நான் செய்ததைப் பற்றியும் எழுதினேன். இரண்டு முழுநாள் ஆயிற்று.

மூன்று மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. நான் செய்ததைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டாள், மழை சரியில்லை என்று இரண்டு வரி. அடுத்து இப்படி இருந்தது:

‘மூக்கு எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. யாருடையது என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன்.’